இடுப்பு ஜவ்வு விலகலும் சிறுதுளைச் சிகிச்சையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இச்சபையில் வைத்திய சம்பந்தமாக ஏதேனும் பேசவேண்டுமென்று நம் காரியதரிசி அவர்கள் எழுதியபொழுது, பொருளைத் தேர்ந்தெடுக்க யான் அதிகம் சிரமப்படவில்லை. கலியாண வீடாயினும் கருமாதி வீடாயினும், நம்மவர் பத்துப்பேர் கூடிய இடத்தில் ஒருவர் தனியே ஒதுங்கி, தலையணையை முதுகுக்கு அண்டைகொடுத்துக்கொண்டு அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். விசாரித்தால், "டிஸ்க் விலகியிருக்கிறது" என்கிறார். சில ஆண்டுகளாக இவ்வார்த்தைக்குப் பின்னால் மற்றொன்றும் வருகின்றது. "சிறு துளை போட்டுக் கேமரா வழியாக எடுத்துவிடுவார்களாம், தையல்கூட ஒன்றுதானாம், மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாமாம், பணம் கட்டத் தவணை கேட்டிருக்கிறேன்" என்பதே அது.

மகளின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த நகை அடகுக்குப் போவதும், அவ்வளவும் செய்த பின்னர் இடுப்பு வலி இருந்தபடியே இருப்பதும் யான் கண்டறியாத காட்சிகள் அல்ல. மற்றொரு புறம், கத்தி என்ற சொல்லுக்கே அஞ்சி, ஓடிவரவேண்டிய வேளையில் தைலம் பூசிக்கொண்டு படுத்திருந்து, காலின் வலுவை இழந்தபின் வந்தோரும் உளர். முன்னவர் அவசரத்தால் கெட்டார். பின்னவர் அச்சத்தால் கெட்டார். இவ்விரு திறத்தாரையும் மனத்திற்கொண்டே இன்று பேச முற்படுகிறேன்.

முதலில் ஜவ்வு என்று நாம் சொல்லும் பொருள் யாது என்பதைப் பார்ப்போம். நமது முதுகெலும்பு பல எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற தூண். எலும்புக்கும் எலும்புக்கும் இடையே மெத்தைபோல அமைந்த வட்டுக்கள் கழுத்திலிருந்து இடுப்பு வரையில் 23 உள்ளன. இவ்வட்டின் வெளிப்புறம் பல சுற்று நார்களால் முறுக்கிப் பின்னப்பட்டது. உட்புறமோ இளநுங்கு போன்ற மென்பொருள். இளமையில் அம்மென்பொருளில் பெரும்பகுதி நீரே. வயது ஏற ஏற நீர் வற்றி, நுங்கு முற்றுவதுபோல அதுவும் முற்றிப்போகிறது. வெளிநாரில் கீறல் விழுகிறது. அக்கீறலின் வழியே உள்ளிருப்பது பிதுங்கிப் பின்பக்கமாக வரும்பொழுது, அங்கே இறங்கும் நரம்பின் வேரை அழுத்துகிறது. ஆகவே, டிஸ்க் "விலகியது" என்று நாம் சொல்வது சரியான வார்த்தையன்று. வட்டு தன் இடத்திலேயே இருக்கிறது. அதன் உட்பொருளே பிதுங்குகிறது. விலகியதைத் தட்டி உட்கார வைத்துவிடலாம் என்று சிலர் முதுகின்மேல் ஏறி மிதிப்பது இச்சொல்லால் விளைந்த விபரீதம்.

பிதுக்கம் நேரும் இடங்களில் மிகப்பெரும்பான்மை இடுப்பின் கடைசி இரண்டு வட்டுக்களே. உடலின் பாரமும் குனிந்து நிமிரும் அசைவும் அங்கேயே அதிகம். அவ்விடத்து நரம்பு வேர்கள் காலுக்குச் செல்வன. அதனால்தான் நோய் இடுப்பில் இருக்க, வலி பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறமாக ஓடிக் கெண்டைக்காலிலும் பாதவிரலிலும் சுரீரென்று இழுக்கிறது. இருமினால் அதிகமாகிறது, தும்மினால் உயிர் போகிறது. இதனையே ஸயாட்டிகா என்கின்றனர். இக்கால்வலி இடுப்பு மூட்டின் வலியினின்று வேறானது, நரம்பைப் பற்றியது என்று நேப்பிள்ஸ் நகரத்துக் கொதுஞ்ஞோ என்னும் வைத்தியர் 1764-லேயே நூல் எழுதினார். ஆயினும், அந்நரம்பை அழுத்துவது வட்டுத்தான் என்பது தெரிய மேலும் 170 ஆண்டுகள் சென்றன.

அக்கதை சுவையானது. அறுவையில் அவ்விடத்தினின்று ரணவைத்தியர் எடுத்த துண்டுகளைக் குருத்தெலும்புக் கட்டி என்றே நெடுங்காலம் எண்ணி வந்தனர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் அப்படிப்பட்ட துண்டுகளை மீண்டும் பரிசோதித்து, இவை கட்டியல்ல, வட்டின் சிதைவே என்று கண்டு, 1934-ல் வெளியிட்டனர். அன்று தொடங்கியது இந்தச் சஸ்திர சிகிச்சை. அக்காலத்து முறை பெரியது. முதுகை நீளக் கீறி, தசையை எலும்பினின்று உரித்து, எலும்பின் பின்தகட்டை நிறைய வெட்டி நீக்கி, அதன் பின்னரே நரம்பைக் காண இயலும். "முதுகில் கத்தி வைத்தால் படுக்கைதான்" என்று நம் பாட்டன்மார் சொல்லி வந்த பேச்சுக்கு அக்காலத்தில் ஓரளவு காரணம் இருந்தது. ஆனால் இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். மூளையினின்று இறங்கும் தண்டுவடம் இடுப்பின் முதலாவது அல்லது இரண்டாவது எலும்பின் அளவிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை குதிரைவால் மயிர்போலத் தனித்தனியாகத் தொங்கும் நரம்பு வேர்களே. எனவே, கடைசி வட்டுக்களில் செய்யும் அறுவையினால் கைகால் முழுவதும் விழுந்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. ஒரு வேருக்குத் தீங்கு நேரலாம். அதனையும் பின்னர்ச் சொல்வேன்.

பெரிய கீறலைச் சிறிதாக்கவேண்டும் என்ற முயற்சி பல வழிகளில் நடந்தது. அவற்றுள் ஒன்று பப்பாளிப் பாலைக் கொண்டது. முற்றிய இறைச்சி வேகவேண்டிப் பப்பாளிக்காய்த் துண்டைப் போட்டுச் சமைப்பதை நம் பெண்மணிகள் அறிவர். அந்தப் பாலிலுள்ள கைமோபாப்பெய்ன் என்னும் சத்தை ஊசிவழியே வட்டுக்குள் செலுத்தி உட்பொருளைக் கரைக்கும் முறையை, லைமன் ஸ்மித் என்பவர் 1964-ல் நோயாளிகளிடத்துக் கையாண்டதாக வெளியிட்டார். 1982-ல் அமெரிக்க அரசின் அநுமதியும் கிடைத்தது. பலருக்குக் குணமும் கிடைத்தது. எனினும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையும், சிலருக்கு நரம்புக் கேடும் நேர்ந்தமையால் அது நாளடைவில் கைவிடப்பட்டது. புதிது என்ற ஒரே காரணத்தால் ஒன்றைக் கொண்டாடலாகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் யான் அறியேன்.

மற்றொரு வழி நுண்ணோக்கியின் வழி. 1977-ல் ஸூரிக் நகரத்து யாசர்கில், ஜெர்மனி தேசத்துக் காஸ்பர் ஆகியோர் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு சிறு கீறலில் இவ்வறுவையைச் செய்வதை விவரித்தனர். இன்று அக்கீறல் ஏறக்குறைய 2 அல்லது 3 சென்டிமீட்டர். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். ஏனெனில், விளம்பரங்களில் சிறுதுளைச் சிகிச்சையை ஒரு முழ நீளக் கீறலோடு ஒப்பிட்டுப் படம் போடுகிறார்கள். அந்த ஒரு முழம் எந்நாளோ போய்விட்டது.

மூன்றாவது வழியே எண்டோஸ்கோப் வழி. ஜப்பான் தேசத்து ஹிஜிகாதா என்பவர் 1975-ல், முதுகின் பக்கவாட்டிலிருந்து குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே படத்தின் துணையால் வட்டின் உட்பொருளைக் கிள்ளி எடுத்தார். அது கண்காணாமல் செய்த வேலை. பிலடெல்பியா நகரத்துப் பார்விஸ் காம்பின், நரம்பு வேருக்கும், கீழ் எலும்பின் மேல்விளிம்புக்கும், மூட்டுக்கும் இடையே முக்கோணமான ஓர் இடைவெளி இருப்பதையும், அவ்வழியே நரம்பைத் தொடாமல் குழாய் செல்லக்கூடும் என்பதையும் விளக்கிக் காட்டினார். காம்பின் முக்கோணம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பின்னர்க் குழாயினுள்ளே கண்ணாடி வில்லையும் விளக்கும் பொருத்தி, உள்ளிருப்பதைக் கண்ணாரக் கண்டு செய்யும் நிலை வந்தது. 1990-களில் அமெரிக்காவில் ஆன்டனி யூங், ஜெர்மனியில் தாமஸ் ஹூக்லாண்ட் முதலியோர் கருவிகளைச் செப்பம் செய்தனர். கொரியா தேசத்து வைத்தியர்கள் இதனைப் பெரிதும் வளர்த்தனர். இன்று நம் நாட்டுப் பெருநகரங்களிலும் இது நடைபெறுகிறது.

அறைக்குள் நடப்பது இது. நோயாளி குப்புறவோ ஒருக்களித்தோ படுத்திருக்கிறார். முதுகின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய அரைச் சாண் விலகிய இடத்தை மரத்துப்போகும் மருந்தால் மரக்கச் செய்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே நீண்ட ஊசியைச் செலுத்துகிறார் வைத்தியர். ஊசியின் மேல் மெல்லிய கம்பி, கம்பியின் மேல் குழாய், அதன்மேல் சற்றே பெரிய குழாய் என்று தசையைக் கிழிக்காமல் விலக்கிக்கொண்டே சென்று, முடிவில் 7 அல்லது 8 மில்லிமீட்டர் அகலமான குழாய் நிற்கிறது. அதனுள் எண்டோஸ்கோப் நுழைகிறது. உப்புநீர் இடைவிடாது ஓடி இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்க, திரையில் நரம்பு வெண்மையாகவும், முன்னரே செலுத்திய நீலச்சாயம் ஏறிய சிதைந்த ஜவ்வு நீலமாகவும் தோன்றும். எண்டோஸ்கோப்பின் உள்ளேயே அமைந்த புழையின் வழியாக நுண்ணிய இடுக்கியை விட்டு, பிதுங்கிய துண்டைப் பற்றி இழுக்கின்றனர். நோயாளி விழித்திருப்பதே இம்முறையின் ஒரு நன்மை. நரம்பைக் கருவி தீண்டினால், "ஐயா, கால் இழுக்கிறது" என்று அவரே எச்சரிப்பார். எல்லோருக்கும் பக்கவாட்டு வழி ஒத்துவராது. கடைசி வட்டுக்கு இடுப்பெலும்பின் முகடு குறுக்கே நிற்பதால், பல சமயங்களில் முழு மயக்கம் கொடுத்துப் பின்புறமாகவே எண்டோஸ்கோப்பைச் செலுத்துகிறார்கள்.

பலன் எப்படி? ஜெர்மனி தேசத்து ரூட்டன் என்பவரும் அவருடைய குழுவினரும் நுண்ணோக்கி முறையையும் எண்டோஸ்கோப் முறையையும் ஒப்பிட்டு, 178 பேரை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்து, 2008-ல் வெளியிட்டனர். கால்வலி நீங்குவதில் இரண்டும் சமமாகவே இருந்தன. நெதர்லாந்து தேசத்தில் 4 மருத்துவமனைகளில் 613 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆராய்ச்சி 2022-ல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் எண்டோஸ்கோப் முறை மற்றதற்குப் பின்தங்கவில்லை என்பதே அதன் தீர்ப்பு. தசைக்குச் சேதம் குறைவு, இரத்தப்போக்கு குறைவு, எழுந்து நடமாடுவது விரைவு. இவை மெய்யான நன்மைகள். சர்க்கரை நோயுடையோருக்கும் வயது முதிர்ந்தோருக்கும் முழு மயக்கமின்றிச் செய்யக்கூடுமாயின் அது பேருதவியே. ஆனால் ஒரு வேலையை இரு நல்ல வழிகளில் செய்யலாம் என்பதற்கு மேல் இவ்வாராய்ச்சிகள் ஒன்றும் சொல்லவில்லை. நுண்ணோக்கி முறையில் தேர்ந்த கை ஒன்று உங்கள் ஊரருகே இருக்க, எண்டோஸ்கோப் என்ற பெயருக்காக இரட்டிப்புப் பணம் கட்டி, அம்முறையைப் புதிதாகக் கற்கும் கையிடம் செல்வது புத்திசாலித்தனமாகாது. இது கற்றுத் தேர நெடுநாள் பிடிக்கும் வித்தை. அரைகுறைத் தேர்ச்சியுள்ளவர் கையில் துண்டு முழுவதும் வராமல் நின்றுபோவதும், நரம்பு வேர் புண்பட்டுக் காலில் எரிச்சல் தங்குவதும், நரம்பை மூடிய உறை கிழிவதும் உண்டு. தேர்ந்த கையிலும் இவை அறவே இல்லையென்று சொல்லமாட்டேன்.

எந்த முறையில் செய்தாலும், அதே இடத்தில் மறுபடியும் பிதுங்குவது 100-க்கு 5 முதல் 10 பேருக்கு நேர்வதுண்டு. உட்பொருள் முழுவதையும் எடுப்பதில்லை. பிதுங்கியதையும் தளர்ந்ததையும் மட்டுமே எடுக்கிறார்கள் ஆதலின், எஞ்சியது ஒருநாள் அதே கீறலில் வரலாம்.

இனி, நகையை அடகு வைக்குமுன் கேட்கவேண்டிய கேள்விக்கு வருகிறேன். அறுவை வேண்டுமா என்பதே அக்கேள்வி. துளையா கீறலா என்பது அதன் பின்னது.

எம்.ஆர்.ஐ. படத்தைக் கண்டு அஞ்சுவோரே இன்று மிகுதி. "நாலாவது ஐந்தாவது எலும்புக்கு நடுவில் பிதுக்கம்" என்று அறிக்கையில் அச்சிட்டிருப்பதைப் படித்தவுடன், அதுவரை நடந்துகொண்டிருந்தவரும் படுத்துவிடுகிறார். அமெரிக்காவில் 1994-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. முதுகுவலி என்பதே இல்லாத 98 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். 100-க்கு 52 பேருக்கு ஏதேனும் ஒரு வட்டு உப்பியிருந்தது. 27 பேருக்குத் தெளிவான பிதுக்கமே இருந்தது. எல்லா வட்டும் பழுதின்றி இருந்தோர் 36 பேரே. தலை நரைப்பதுபோல வட்டும் நரைக்கிறது. நரைக்கு யாரும் அறுவை செய்துகொள்வதில்லை. ஆகவே, படத்தில் பிதுக்கம் இருப்பது மட்டும் போதாது. வலி எந்தக் காலில், எந்த விரல் வரையில் ஓடுகிறதோ, அதற்குரிய வேரை அதே பக்கத்தில் அப்பிதுக்கம் அழுத்தவேண்டும். காலை முழங்கால் மடியாமல் நீட்டி உயர்த்தினால் வலி சுரீரென்று இழுக்கவேண்டும். பிரெஞ்சு வைத்தியர் லஸேக் என்பவரின் பெயரால் வழங்கும் இச்சோதனைக்குக் காசு செலவில்லை. அவருடைய மாணவர் 1881-ல் எழுதிவைத்தது. படமும் வலியும் பரிசோதனையும் மூன்றும் ஒத்துச் சாட்சி சொன்னால்தான் வழக்கு நிற்கும். காலில் ஒன்றுமில்லாமல் இடுப்பு மட்டும் வலிப்பவருக்கு ஜவ்வை எடுப்பதால் அவ்வலி நீங்கும் என்ற உறுதி கிடையாது. சிகிச்சைக்குப் பின் ஏமாந்தோம் என்று சொல்லுவோரில் பலர் இவ்வகையினரே.

மூன்று சாட்சியும் ஒத்தாலும் உடனே அறுவைக்குச் செல்லவேண்டுமோ என்றால், வேண்டியதில்லை. பிதுங்கி வெளிவந்த துண்டை நம் உடலே அயற்பொருளாகக் கருதி, இரத்தத்திலுள்ள அணுக்களை அனுப்பிச் சிறிது சிறிதாகத் தின்று கரைத்துவிடுகிறது. பெரிய துண்டுகளே இவ்வாறு அதிகமாகக் கரைகின்றன என்பது வியப்பு. படத்தில் பயங்கரமாகத் தோன்றுவது சில மாதங்களில் மறைந்துபோவதைக் காணலாம். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் கால்வலி தணிகிறது. நெதர்லாந்தில் 283 பேரைக்கொண்டு நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கடுமையான கால்வலி 6 வாரத்துக்கு மேல் நீடித்தோரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு விரைவில் அறுவை. மற்றவருக்கு மருந்தும் பொறுமையும். அறுவை செய்துகொண்டோர் விரைவாக நலமுற்றனர் என்பது உண்மை. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஒரே நிலையில் இருந்தனர். காத்திருந்தோரில் 100-க்கு 39 பேர் பொறுக்கமாட்டாமல் அவ்வாண்டுக்குள் அறுவை செய்துகொண்டனர் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆகவே, காத்திருப்பது மூடத்தனமும் அன்று. நாளுக்குக் கூலி வாங்கிக் குடும்பம் நடத்துபவர், மூன்று மாதம் காத்திருக்க வழியின்றி அறுவையை நாடுவது குற்றமும் அன்று. தத்தம் நிலைமைக்குத் தக்கவாறு முடிவு செய்வதற்கு அவரவர்க்கு உரிமை உண்டு. 'நாளைக்கே செய்யாவிட்டால் கால் போய்விடும்' என்று வெறும் வலிக்காக மிரட்டுவோரிடம் அந்த முடிவை விட்டுவிடலாகாது.

காத்திருக்குங்கால் படுக்கையிலேயே கிடப்பது பழைய வழக்கம். அதனால் பயனில்லை என்று 1999-ல் நெதர்லாந்தில் 183 பேரைக் கொண்டு சோதித்து உறுதி செய்தனர். இயன்ற அளவு நடமாடவேண்டும். மூட்டை தூக்குவதையும், கல்லாவில் மணிக்கணக்காகக் குந்தியிருப்பதையும் நிறுத்திவைக்கவேண்டும். வலிக்கு மருந்தும், தேவையானால் நரம்பு வேரின் அருகே ஊசியும் உண்டு.

ஆனால் காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும், ஏனெனில் கூச்சத்தால் இதனை மறைப்போர் அவர்களே அதிகம். சிறுநீர் கழிக்க முடியாமல் தேங்கினாலும், தெரியாமலே ஒழுகினாலும், மலம் அடங்காமற் போனாலும், குதிரைச் சேணத்தில் அமரும் இடமாகிய பிறப்புறுப்பும் ஆசனவாயும் சூழ்ந்த பகுதி மரத்துப்போனாலும், இரு காலும் ஒருசேரத் தளர்ந்தாலும், குதிரைவால் நரம்புகள் ஒட்டுமொத்தமாக நசுங்குகின்றன என்று பொருள். அன்றே, அவ்விரவே, பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நாள் கடந்தால் சிறுநீர் அடக்கும் சக்தி வாழ்நாள் முழுவதும் திரும்பாமற் போகலாம். அப்பொழுது துளை சிறிதா பெரிதா என்று ஆராய இடமில்லை. நசுக்கத்தை நீக்க எது விரைவோ அதுவே முறை. பாதத்தை மேலே தூக்கமுடியாமல் தொங்கிப்போவதும், நாளுக்கு நாள் கால் வலுவிழப்பதும் அடுத்த படி அவசரம். இவற்றில் ஒரு சூழ்ச்சி உண்டு: நரம்பு செத்துக்கொண்டிருக்கும்பொழுது வலி குறைந்துவிடக்கூடும். வலி போயிற்றென்று மகிழ்ந்து, செருப்பு தானே கழன்று விழுவதைக் கவனியாதிருந்தோர் உண்டு.

அறுவைக்கு உடன்படுமுன் வைத்தியரிடம் கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. என் வலிக்கும் இப்படத்துக்கும் பொருத்தம் உண்டா? தாங்கள் எத்தனை பேருக்கு இம்முறையில் செய்திருக்கிறீர்கள்? இடையில் முடியாமற் போனால் திறந்து செய்யவேண்டி வருமா, அதற்குத் தனிக் கட்டணமா? காப்பீட்டில் இம்முறை அடங்குமா? நல்ல வைத்தியர் இவற்றுக்குச் சினங்கொள்ளமாட்டார். பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் முதுகெலும்பு அறுவை நடைபெறுவதையும், அங்கே இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம். லேசர் என்ற பெயரில் ஊசிவழியே வட்டின் உட்புறத்தைச் சுடும் முறை வேறு, பிதுங்கிய துண்டை நேரே கண்டு எடுப்பது வேறு. விளம்பரத்தில் இரண்டையும் ஒன்றாக எழுதுகிறார்கள். எது செய்யப்போகிறார்கள் என்று தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்னும் துளை ஆறியதைக் கண்டு வட்டும் ஆறிவிட்டதென்று எண்ணலாகாது. தோல் பத்து நாளில் ஆறும்; உள்நார் ஆறப் பல வாரம் ஆகும். அதுவரை குனிந்து பாரம் தூக்குதலும், நெடுநேரம் உட்கார்ந்திருத்தலும், மோட்டார் சைக்கிளில் மேடுபள்ளமான பாதையில் செல்லுதலும் விலக்கு. புகைபிடிப்போர் இதையே சாக்காக வைத்து விட்டுவிடுதல் நலம்.

கூட்டம் முடிந்தபின் பக்கத்து அறையில் சிறிது நேரம் இருப்பேன். படம் கொண்டுவந்திருப்போர் தாராளமாக வரலாம். ஆனால் படத்தைப் பார்க்குமுன், செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் நாலடியும் நுனிக்காலால் நாலடியும் நடந்துகாட்டுமாறு கேட்பேன். அதற்குச் சித்தமாக வாருங்கள்.